மூளைப் பாலத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி

"ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடும்" என்று உங்கள் வீட்டுப் பெரியவர் யாரேனும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நானும் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். எம்.ஆர்.ஐ. கருவி எப்படி வேலை செய்கிறது என்பதைக் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதி அழித்திருக்கிறேன். அந்தத் துணிச்சலில் நான் ஒரு குடும்பத்துக்குச் செய்த தவற்றைச் சொல்லித்தான் இந்தக் கட்டுரையைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊர் மேல்பட்டாம்பாக்கம். கடலூரிலிருந்து பண்ருட்டி போகும் சாலையில், நெல்லிக்குப்பத்தைத் தாண்டியதும் வரும். சுற்றிலும் கரும்புக் கொல்லைகள். மழைக்காலம் பிறந்தால் கொசு பெருகும். கொசுவோடு டெங்குவும் வரும். 2022-ஆம் ஆண்டு கார்த்திகையில் எங்கள் தெருப் பையன் ஒருவனுக்கு அந்தக் காய்ச்சல் கண்டது. எட்டாம் வகுப்பு படிப்பவன். ஐந்தாம் நாள் காய்ச்சல் சற்றுத் தணிந்தது. ஆனால் பேச்சுத் தடுமாறியது. பாட்டியைப் பார்த்து டீச்சர் என்றானாம். பயந்துபோய்ப் புதுச்சேரிப் பக்கம் ஒரு பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே தலைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள்.

அன்று இரவு பையனின் தந்தை பணம் எடுக்க வீட்டுக்கு வந்தபோது, படத்தையும் அறிக்கையையும் என்னிடம் காட்டினார். அறிக்கையில் 'லீஷன்' என்று ஒரு சொல் இருந்தது. அவர் கைப்பேசியில் அதற்குத் தமிழ் தேடியிருக்கிறார். 'புண்' என்று வந்ததாம். "மூளையில புண்ணுன்னு போட்டிருக்கு சார்" என்றார். பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "தம்பி, நீ படிச்ச புள்ள. அதுல இன்னா எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்லு" என்றார்.

நான் பார்த்தேன். கார்ப்பஸ் கலோசத்தின் பின்முனையில் நடுவாக ஒரு முட்டை வடிவ வெள்ளைப் புள்ளி. 'அந்த இடத்தில் நீரின் விரவல் தடைப்பட்டிருக்கிறது' என்பது அறிக்கையின் சாரம். விரவல் தடைப்படுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். மூளையில் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டால் அப்படித்தான் தெரியும் என்று நூல்களில் படித்திருந்தேன். "ரத்த ஓட்டம் நின்ன இடம் மாதிரி இருக்குங்க. பக்கவாதத்துல இப்படித்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் விடியுமுன் அவர் ஒரு காரியம் செய்தார். ஆலையின் வெட்டு உத்தரவு வரும்வரை காத்திராமல், நின்ற கரும்பை வெல்லம் காய்ச்சுகிற ஒருவருக்கு வந்த விலைக்குப் பேசி முடித்தார். பையனைச் சென்னைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று முன்பணமும் வாங்கிவிட்டார். காலை பத்து மணிக்கு மருத்துவர் வந்து, "இது காய்ச்சலால் வந்தது. பெரும்பாலும் தானாக மறைந்துவிடும். இங்கேயே வைத்துக் கவனிப்போம்" என்றார். பையன் ஒரு வாரத்தில் வீடு திரும்பினான். ஆறு வாரம் கழித்து எடுத்த படத்தில் அந்தப் புள்ளி இல்லை. கரும்பு மட்டும் போனது போனதுதான்.

நான் எங்கே தவறினேன்? இயற்பியலில் தவறவில்லை. அதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

முதலில் அந்தப் பாலத்தைப் பார்ப்போம். மூளை வலம், இடம் என்று இரண்டு பாதிகளாக இருக்கிறது. இரண்டையும் இணைப்பது கார்ப்பஸ் கலோசம் என்னும் நரம்பிழைக் கற்றை. பெரியவர்களிடம் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் நீளம். அதில் சுமார் 20 கோடி இழைகள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓடுகின்றன. ஓர் இழையின் தடிமன் பெரும்பாலும் ஒரு மைக்ரான் அளவில்தான். அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மூளையை மூக்கின் நேர்கோட்டில் இரண்டாக வகிர்ந்தாற்போல் எடுத்த பக்கவாட்டுப் படத்தில், இந்தப் பாலம் வளைந்த கொக்கி போலத் தெளிவாகத் தெரியும். அதன் பின்முனை சற்றுத் தடித்திருக்கும். அதற்கு ஸ்ப்ளீனியம் என்று பெயர். பையனின் படத்தில் வெளுத்திருந்தது அதுதான்.

இனி கருவி. எம்.ஆர்.ஐ. என்பது புகைப்படக் கருவி அன்று, எக்ஸ்-ரேயும் அன்று. அது நம் உடம்பிலுள்ள நீரிடம் கேள்வி கேட்கிறது. நீரின் ஹைட்ரஜன் அணுக்கரு ஒரு புரோட்டான். அது ஒரு நுண்ணிய காந்தம். வலிமையான காந்தப் புலத்தில் வைத்தால் இந்தக் காந்தங்களில் சில புலத்தின் திசையிலும், சில எதிர்த்திசையிலும் நிற்கும். மருத்துவமனைகளில் மிகுதியாகக் காணப்படும் கருவியின் புலம் 1.5 டெஸ்லா. நம் ஊரில் பூமியின் காந்தப் புலத்தைப்போல் இது 35,000 மடங்குக்கும் அதிகம். இத்தனை பெரிய புலத்திலும், பத்து லட்சம் புரோட்டான்களுக்குச் சுமார் ஐந்துதான் புலத்தின் பக்கம் மிகுதியாக நிற்கின்றன. வெறும் ஐந்து! ஆனாலும் ஒரு சொட்டு நீரில் எத்தனை புரோட்டான்கள் உண்டு என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். அந்த ஐந்து எப்படிப் போதுமாகிறது என்று புரியும்.

இந்தப் புலத்தில் புரோட்டான் வினாடிக்குச் சுமார் 6.4 கோடி முறை தலைசுற்றுகிறது. எஃப்.எம். வானொலியின் அதிர்வெண்ணுக்குச் சற்றுக் கீழே. அதே அதிர்வெண்ணில் ரேடியோ அலையைச் செலுத்தினால் புரோட்டான்கள் ஒத்ததிர்ந்து சாய்கின்றன. அலையை நிறுத்தியதும் அவை பழைய நிலைக்குத் திரும்பும்போது தாமே ரேடியோ குறிப்பு ஒன்றை வெளிவிடுகின்றன. அதைப் பிடித்துத்தான் படம் வரைகிறார்கள். 1946-இல் அமெரிக்காவில் ஃபெலிக்ஸ் பிளாக்கும் எட்வர்ட் பர்செல்லும் தனித்தனியே இந்த ஒத்ததிர்வைக் கண்டார்கள். ஐந்தே ஆண்டுகளில், 1951-இல், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஜி. சூர்யன், ஓடும் திரவத்தில் இந்தக் குறிப்பு எப்படி மாறுகிறது என்று ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். ரத்த ஓட்டத்தை இம்முறையில் காணும் கலையின் வரலாறு எழுதுவோர் அந்தக் கட்டுரையை விட்டுவிடுவதில்லை. நம் பாடநூல்களில் அவர் பெயர் இருந்தால் நன்றாயிருக்கும் என்பது என் நெடுநாள் ஆசை. குறிப்பிலிருந்து படம் செய்யும் வழியை 1973-இல் பால் லாட்டர்பர் காட்டினார். அவரும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டும் 2003-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

நீரிடம் ஒரே கேள்வியைக் கேட்பதில்லை. எவ்வளவு வேகமாக நிலை திரும்புகிறாய் என்பது ஒரு கேள்வி. எவ்வளவு நேரம் ஒத்திசைவு குலையாமல் இருக்கிறாய் என்பது இன்னொன்று. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு படம். ஒரே இடம் ஒன்றில் கறுப்பாகவும் மற்றொன்றில் வெளுப்பாகவும் தெரியும். பையனின் படத்தில் முக்கியமானது மூன்றாவது கேள்வி: எவ்வளவு தாராளமாக உலவுகிறாய்? இதுதான் விரவல் படம்.

ஒரு தம்ளர் நீரில் ஒரு சொட்டு மை விட்டால் கலக்காமலேயே மெல்லப் பரவுகிறதல்லவா? மூலக்கூறுகள் ஓயாமல் அலைவதால் வரும் வேலை அது. உடம்பின் வெப்பத்தில் தடையற்ற நீரின் மூலக்கூறு, ஒரு வினாடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்தில், ஒரு திசையில் சராசரியாக 17 மைக்ரான் விலகிவிடும். மூளைப் பாலத்தின் இழையோ ஒரு மைக்ரான்! ஆகவே மூலக்கூறு இழையின் சுவரில் முட்டாமல் தப்ப முடியாது. எங்கள் ஊர்க் கரும்புக் கொல்லையை நினைத்துக்கொள்ளுங்கள். பாரின் போக்கில் ஓடினால் ஓடிக்கொண்டே இருக்கலாம். குறுக்கே ஓடிப் பாருங்கள், தோகை முகத்தைக் கிழித்துவிடும். பாலத்தில் நீர் அப்படித்தான் இழையின் போக்கில் எளிதாகவும், குறுக்கே சிரமப்பட்டும் நகர்கிறது.

இந்த நகர்வை அளப்பது எப்படி? பள்ளி மைதானத்தில் மாணவர்களை இலக்கமிட்ட இடங்களில் நிறுத்துவோம். முதல் விசிலுக்கு ஒவ்வொருவரும் தம் இட எண்ணுக்குத் தக்கபடி வலப்பக்கம் திரும்ப வேண்டும். சற்று நேரம் கழித்து இரண்டாம் விசிலுக்கு, அப்போது நிற்கும் இடத்தின் எண்ணுக்குத் தக்கபடி இடப்பக்கம் திரும்ப வேண்டும். இடம் மாறாதவன் மீண்டும் நேர்முகமாக நிற்பான். இடையில் நழுவிப் போனவன் கோணலாக நிற்பான். கோணல் கூடினால் கூட்டத்தின் ஒருமித்த குரல் குன்றிவிடும். எம்.ஆர்.ஐ. கருவியில் அந்த இரண்டு விசில்கள், இடத்துக்கு இடம் மாறும் இரண்டு காந்தத் துடிப்புகள். மருத்துவமனைகளில் வழக்கமாகக் கையாளும் அளவில், தாராளமாக உலவும் நீரின் குறிப்பு இருபதில் ஒரு பங்காகக் குன்றிவிடும். நலமான மூளைத் திசுவில் ஏறக்குறையப் பாதி மிஞ்சும். நீர் அடைபட்டுக் கிடக்கும் இடத்தில் அதைவிடக் கூடுதலாக மிஞ்சும். அந்த இடம்தான் வெள்ளையாகப் பளிச்சிடுகிறது.

ஆக, அந்த வெள்ளைப் புள்ளி சொன்னது இவ்வளவே: 'இங்கே நீரின் உலாவல் குறைந்திருக்கிறது.' ஏன் குறைந்தது என்று அது சொல்லவில்லை. நான் சொன்னேன்! ரத்தம் நின்றால் செல்கள் தமக்குள் நீரை இழுத்துக்கொண்டு வீங்கும்; வீங்கிய செல்லுக்குள் நீர் அடைபடும். சரிதான். ஆனால் செல் வீங்குவதற்கு ரத்தம் நிற்க வேண்டும் என்பதில்லை. காய்ச்சலின்போது உடம்பு சுரக்கும் சைட்டோகைன் என்னும் பொருள்களாலும் செல் வீங்கலாம். அவற்றையும் குளுட்டமேட் என்ற பொருளையும் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் ஸ்ப்ளீனியத்தில் மிகுதியாக இருப்பதால்தான் அந்த இடம் முதலில் வெளுக்கிறது என்பது இன்று பலரும் ஏற்கும் விளக்கம். 2004-இல் ஜப்பானிய மருத்துவர்கள் இப்படிப்பட்ட 15 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அனைவரும் ஒரு மாதத்துக்குள் குணமடைந்தவர்கள். பின்னர் பல நாடுகளிலிருந்து வேறு வேறு காய்ச்சல்களிலும், வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தியபோதும், ரத்தத்தில் சர்க்கரை மிகவும் இறங்கியபோதும் இதே புள்ளியைக் கண்டு எழுதினார்கள். நம் நாட்டிலிருந்து டெங்கு நோயாளிகளைப் பற்றிய அறிக்கைகளும் அவற்றில் உண்டு.

அந்த மருத்துவர் எதைக் கொண்டு தெளிந்தார்? புள்ளி நட்ட நடுவில், இருபுறமும் சமமாக இருந்தது. பாலத்துக்கு இரு பக்கத்துத் தமனிகளிலிருந்தும் ரத்தம் வருகிறது. ஆகவே அங்கே அடைப்பு அரிது, வந்தாலும் பெரும்பாலும் ஒருபக்கமாக ஒதுங்கித் தெரியும். மூளையில் வேறெங்கும் புள்ளி இல்லை. பையனுக்குக் கைகால் வலுக் குறையவில்லை. ஐந்து நாள் டெங்குக் காய்ச்சல் இருந்தது. இவை எவையும் அந்த வெள்ளைக்குள் இல்லை. வெள்ளையைச் சுற்றி இருந்தவை. நான் வெள்ளையை மட்டும் பார்த்தேன்.

இதைப் படித்துவிட்டு, 'மூளைப் பாலத்தில் வெள்ளை தெரிந்தால் பயமில்லை, தானே போய்விடும்' என்று நீங்கள் முடிவு கட்டினால், என் தவற்றையே மறுபக்கமாகச் செய்தவர்கள் ஆவீர்கள். 1903-இல் இத்தாலியில் மார்க்கியஃபாவா, பிக்னாமி என்ற இரு நோய்க்குறியியல் அறிஞர்கள், மிகுதியாகக் குடித்து இறந்தவர்களின் மூளையில் இதே பாலம் நடு அடுக்கில் சிதைந்திருப்பதைக் கண்டார்கள். (மலேரியா ஆராய்ச்சியிலும் பெயர் பெற்றவர்கள் இவர்கள்.) நெடுங்காலம்வரை இந்த நோயை இறந்தபின் மூளையை அறுத்துத்தான் உறுதி செய்ய முடிந்தது. இன்று எம்.ஆர்.ஐ. பக்கவாட்டுப் படத்தில், மேலும் கீழும் நல்ல அடுக்குகள் இருக்க, நடுவில் மட்டும் மாறியிருப்பது உயிரோடிருக்கும்போதே தெரிகிறது. உடனே தயாமின் என்ற பி-1 வைட்டமினைக் கொடுத்துக் குடியை நிறுத்தினால் பிழைத்துத் தேறுகிறவர்கள் உண்டு. தாமதித்தால் பாலம் நிரந்தரமாகச் சுருங்கிவிடும். இங்கே 'தானாகப் போகும்' என்று காத்திருப்பது கொடுமை. தொடக்கத்தில் இதுவும் விரவல் படத்தில் வெள்ளையாகத் தெரியக்கூடியதே.

மனிதர் சொல்லை அளவீடு திருத்திய கதையும் இந்தப் பாலத்தில் உண்டு. கடும் வலிப்பு நோய்க்கு இந்தப் பாலத்தை வெட்டிவிடும் அறுவை ஒன்று இருக்கிறது. அப்படி வெட்டப்பட்டவர்களிடம் செய்த சோதனைகளுக்காகத்தான் ரோஜர் ஸ்பெர்ரி 1981-இல் நோபல் பரிசு பெற்றார். ஒருவரின் பாலம் முழுதும் வெட்டப்பட்டதா என்பதற்கு, முன்பெல்லாம் அறுவை செய்தவரின் குறிப்பே சான்று. 1985-இல் மைக்கேல் கஸ்ஸானிகாவும் அவர் குழுவினரும் அத்தகையோரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். முழுதும் வெட்டப்பட்டதாகக் கருதிய ஒருவருடைய பாலத்தில் சில இழைகள் மிஞ்சியிருந்தன. அவரிடம் முன்பு செய்த சோதனைகளின் பொருளையே மறுபடி யோசிக்க வேண்டியதாயிற்று. ஆகவே கருவியை நம்பாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. எந்தக் கேள்விக்கு அது விடை சொன்னது என்று பாருங்கள் என்கிறேன். 'இழை மிஞ்சியிருக்கிறதா?' என்ற கேள்விக்குப் படம் நேரே விடை சொல்லும். 'இது என்ன நோய்?' என்ற கேள்விக்கு நேரே சொல்லாது.

பிறக்கும் முன்பே இந்தப் பாலத்தைத் தேட வேண்டிய நேரமும் வருகிறது. சில குழந்தைகளுக்கு இது உருவாகாமலே போகும். கருவில் பன்னிரண்டாம் வாரம் வாக்கில் தொடங்கி இருபதாம் வாரத்துக்குள் இது உருப்பெறுகிறது. அல்ட்ராசவுண்டில் ஐயம் தோன்றினால் கருவிலிருக்கும் குழந்தைக்கு எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். அந்தப் படத்தை ஒப்பிட, இயல்பான கருமூளை வாரத்துக்கு வாரம் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும் அல்லவா? 2024 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம், ஐந்தாறு மாதக் கருக்கள் உட்பட ஐந்து கருமூளைகளை நுண்ணிய சீவல்களாக்கி, 5,132 சீவல்களின் படங்களை 'தரணி' என்ற பெயரில் உலகத்தார் எவரும் பார்க்கும்படி வெளியிட்டது. மூளைப் பாலம் உருவாகும் பருவமும் அதில் அடங்கும். ஒரு படத்தை இன்னொரு படத்தோடு ஒப்பிட்டால்தான் படம் பேசும். நம் மாநிலத்தில் நடந்த இந்தப் பொறுமையான வேலைக்கு, புதிய கருவி வாங்கிய செய்திக்குக் கிடைக்கும் வரவேற்பில் பாதிகூடக் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம்.

இப்போது என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். எம்.ஆர்.ஐ. அறிக்கை நோயாளியின் கைக்கு வருவது நல்லதே; அது அவர் உடம்பைப் பற்றியது. ஆனால் 'லீஷன்' என்ற சொல்லை 'புண்' என்று தமிழாக்குவதை விட்டுவிட வேண்டும். படத்தில் ஓரிடம் இயல்புக்கு மாறாகத் தெரிகிறது என்பதற்கு மேல் அந்தச் சொல்லுக்குப் பெரும்பாலும் பொருளில்லை. 'மாறுபட்ட இடம்' என்றால் போதும். யாரும் அதற்காகக் கரும்பை விற்கமாட்டார்கள். அடுத்தது, என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கு. கருவியின் தத்துவத்தை விளக்கும்போது அது எதை அளக்கிறது என்பதோடு எதை அளக்கவில்லை என்பதையும் வகுப்பில் சொல்ல வேண்டும். வோல்ட்மீட்டர் காட்டும் எண் மின்கலம் ஏன் தீர்ந்தது என்று சொல்லாது. இதை எட்டாம் வகுப்பிலேயே புரியவைக்கலாம். நான் அதைச் சொல்லாமலே இத்தனை ஆண்டு பாடம் நடத்தியிருக்கிறேன். டெங்கு வந்தாலே மூளைக்கு ஸ்கேன் எடுங்கள் என்று மருத்துவரை நெருக்குகிறவர்களும் இருக்கிறார்கள். நினைவு தடுமாறினால் அது வேறு. இல்லையேல் அந்தக் காந்தத்துக்குள் கேட்பதற்குக் கேள்வியே இல்லை.

பையன் இப்போது மேல்நிலை வகுப்புக்கு வந்துவிட்டான். இரண்டு படங்களும் அவன் வீட்டுப் பீரோவின் மேல் ஒரே உறையில் இருக்கின்றன. சென்ற மாதம் அவற்றை எடுத்து வந்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். "அந்தத் தண்ணி எங்க சார் போச்சு?" என்று கேட்டான். எங்கும் போகவில்லை, செல்லுக்குள்ளிருந்து வெளியே வந்து மறுபடி உலவத் தொடங்கிவிட்டது என்றேன். "அப்போ முதல் படம் எடுத்த அன்னிக்கு அது உள்ள எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கும்?" என்றான். அறிக்கையில் அந்த எண்ணைப் போடவில்லை. தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.